இயந்திர அறைக் கதவு

பழைய போர்க்கப்பலைப் பார்க்க வந்த கூட்டத்தோடு ஜெசிந்தாவும் மகள் மெல்பாவும் இயந்திர அறைக்குள் இறங்கினார்கள். ஜெசிந்தாவின் கணவன் சேவியர் இங்கேதான் தீயில் வெந்து செத்தான். அப்போது மெல்பா வயிற்றில் இருந்தாள்.

இப்போது இந்தக் கப்பல், செத்த மாலுமிகளைக் கணினி உருவங்களாக்கிப் பேசவைக்கும் அருங்காட்சியகம். அதற்காக, சேவியர் போனில் அனுப்பியிருந்த குரல் பதிவுகளைத் தரும்படி அருங்காட்சியகத்தார் கேட்டிருந்தார்கள். ஜெசிந்தா எல்லாவற்றையும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவள் போனில் இருந்தவற்றை அழித்துவிட்டார்கள். "கதவ வெளிய பூட்டிட்டாங்க ஜெசி" என்று அவன் அழுத கடைசிப் பதிவும் அதோடு போயிற்று. எந்தப் பதிவையும் அவள் மகளுக்குப் போட்டுக் காட்டியதில்லை; அந்தக் கடைசிப் பதிவைப் பற்றிச் சொன்னதேயில்லை.

சுவரில் சேவியர் தோன்றிச் சிரித்தான்.

"ஏங்க, கதவ யாரு பூட்டுனது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நான்தாம்மா உள்ள நின்னு பூட்டுனேன். மத்தவங்க பொழைக்கணும்லா?"

கூட்டம் கைதட்டியது. பொய் சொன்னால் சேவியருக்கு நாக்குக் குழறும். சுவரில் இருந்தவனுக்குக் குழறவில்லை.

ஜெசிந்தா வெளியேறத் திரும்பினாள். மெல்பா கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா பேசி இன்னைக்குத்தான் கேக்கேன். இன்னொரு தடவ வரிசையில நிப்பமா?"

நின்றார்கள். இந்த முறை அதே கேள்வியை மெல்பா கேட்டாள்.