எண்பது லிட்டர் வாரியம்

“சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. புகார் எண் பதினேழு” என்று பதிவேட்டை வாய்விட்டுப் படித்தார் தலைமைப் பொறியாளர். எதிரே காலிப் பாத்திரத்தோடு நின்ற பெண்மணியை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நடவடிக்கையில இருக்கு. நாளைக்கு வந்து பாருங்க.”

“நாளைக்கு நான் எங்கேருந்து வர்றது? ரெண்டடி தள்ளித்தானே நிக்கிறேன்! நறுக்கின காயெல்லாம் கழுவாம கிடக்குதுங்க.”

அந்தப் பெண்மணி அவருடைய மனைவி. அலுவலகம் என்பது அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்த அவர்களுடைய பயண வேன். குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற கையோடு, “உனக்குக் கடலைக் காட்டுறேன், வா” என்று கிளம்பியவர். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

இருக்கைக்கு அடியில் எண்பது லிட்டர் தொட்டி ஒன்று. அதற்கு ஒரு வாரியத்தையே அமைத்துவிட்டார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, நாளொன்றுக்கு இருபது லிட்டர். குளியலறைக் குழாயின் வால்வை முதல் நாளே இறுக மூடி, ‘தற்காலிகத் துண்டிப்பு’ என்று சீட்டு ஒட்டினார். குளியல் என்றால், இரவு வேனை நிறுத்தித் தங்கும் முகாமின் பொதுக் குளியலறை வாசலில், துண்டும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டும். இதையெல்லாம் பற்றி வாயால் முணுமுணுக்கக் கூடாது. எதுவானாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அவர் கணக்குப்படி ஒரு தொட்டித் தண்ணீர் நாலு நாள் வர வேண்டும். கொஞ்ச நாளாக இரண்டே நாளில் தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது.

எங்கோ ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார். பம்பின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தைச் சுற்றி வைத்து மறுநாள் தொட்டுப் பார்த்தார், ஒன்றில்கூட ஈரமில்லை. வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் சட்டைதான் அழுக்கானது.

“வர்ற தண்ணிக்குத்தான் பஞ்சம். இந்தக் கழிவுத் தொட்டி மட்டும் கனக்குதே” என்று தினமும் விடியற்காலையில் அதைத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் ஒரு மணி நேர நடைக்குக் கிளம்புவார்.

பத்தாம் நாள் இரவு அறிக்கை எழுதிவிட்டார்: ‘ஆவியாதல் இழப்பு, நாளொன்றுக்கு இருபது லிட்டர்.’

“மூடின தொட்டியிலயா?” என்றாள் மனைவி.

“வாரியத்துல வேலை பாத்தது நீயா, நானா?”

ஆனால் உள்ளூர அவருக்கே அது உறைத்தது. அதனால்தான் இப்போது, பதினேழாம் புகாரைப் படித்ததும், பதிவேட்டைப் பட்டென்று மூடினார். “இன்னிக்குள்ள ஒழுகுறது எங்கன்னு தெரியலன்னா வண்டியைத் திருப்பிடுவேன். கடல் எங்கயும் ஓடிப் போயிடாது.”

அவள் முகம் சுண்டிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து, கடலுக்குப் போகலாம் என்று மூட்டை கட்டும்போதெல்லாம் ஊரில் எங்காவது பெரிய குழாய் வெடித்திருக்கிறது. இப்போது இன்னும் ஒரு நாள் ஓட்டினால் கடல். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப்போய் முகாம் வாசலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை அழைத்து வந்தாள்.

மெக்கானிக் பம்பைத் தொடவே இல்லை. நேராகக் கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். “இதை எப்ப சார் காலி பண்ணீங்க?”

“இன்னிக்கு விடிஞ்சதும். நடக்கப் போறதுக்கு முன்னாடி.”

“அதுக்குள்ள முக்காவாசி நிறைஞ்சிருக்கே! ஒழுகுற தண்ணி தரையில போகும் சார். தேடிப்போய் இதுக்குள்ள விழாது.”

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் நுழைந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பலகையை நெம்பினார். பொறியாளர் மூடி வைத்த வால்வுக்கு முன்னாலேயே குழாயில் புதிதாக ஒரு கிளை. அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு நீலக் குழாய் நழுவிப்போய்த் தலைக்கு மேலிருந்த ஷவரில் முடிந்தது.

“சுத்தமான வேலை சார். ஒரு சொட்டு கசியல.”

“திருட்டு இணைப்பு!” என்று கத்தினார் பொறியாளர். சர்வீஸில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை வீட்டுக் குழாயை அறுத்திருப்பார்! “நான் அந்தப் பக்கம் நடக்கப் போனதும் இங்க குளியலா?”

“போன முகாம்ல ஆளைக் கூப்பிட்டுப் போட்டேன்” என்றாள் மனைவி, நிதானமாக. “ஒழுகல் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? வண்டியைக் கடலுக்கு விடுங்க.”

“யாரைக் கேட்டுப் போட்ட?”

அவள் பதிவேட்டைப் புரட்டி அவர் முன் விரித்தாள். ‘குளியலறைக்குப் புதிய இணைப்பு கோரி விண்ணப்பம்’ என்று அவள் கையெழுத்து. கீழே ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று அவருடைய கையெழுத்து, தேதியோடு, வாலை நீட்டிக்கொண்டு.

மெக்கானிக் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டு கீழே இறங்கினார்.

“இதை நான் எப்பம்மா படிச்சேன்?” என்றார் பொறியாளர், ஈனக்குரலில்.

“படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?”