மாட்டின கை

“இதை மாட்டினவன் கையை உடைக்கணும்.”

பானெட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு மெக்கானிக் சொன்ன வார்த்தை இது. தெருவில் அவருக்குக் கறார் என்றுதான் பெயர். தொழிலில் பொய் சொல்ல மாட்டார். அதற்காக வாயையும் அடக்க மாட்டார்.

காரை ஓட்டி வந்த பெண் வலது கையை நீட்டினாள்.

“இந்தாங்கண்ணே, உடைங்க. நான்தான் மாட்டினேன்.”

கறார் அந்தக் கையை ஒரு நொடி பார்த்தார். ஒரு நொடிதான்.

“ஏம்மா, ரேடியேட்டர்ல ஆரம்பிச்சு தண்ணி போற பைப் வரைக்கும் பிளாஸ்டிக்கையெல்லாம் கழட்டிட்டு அலுமினியம் போட்டிருக்கீங்க. சாமான் நல்ல சாமான்தான். ஆனா எதையாவது ஒழுங்கா முறுக்கினீங்களா? மூணு இடத்துல கூலன்ட் சொட்டுது.”

“பார்த்தேன்.”

“பிளாஸ்டிக்னா உடைஞ்சிடுமேன்னு பயந்து பயந்து முறுக்கணும். இதுக்கு என்ன பயம்? பூப்பறிக்கிற மாதிரி முறுக்கி வெச்சிருக்கீங்க.”

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“சரி பண்ணிக் கொடுங்கண்ணே. ஆனா பைப்பைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் எதையும் மாத்தாதீங்க. ஸ்க்ரூவைச் சுத்தி இருக்கிற கீறலையெல்லாம் தேய்க்காதீங்க. வேற கை பட்டதே தெரியக் கூடாது. வீட்டுக்காரர் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும்.”

“ஓ, அவருக்குத் தெரியாம வந்திருக்கீங்க.”

“ஆமா. நாளைக்குப் பொண்ணு வீட்டுக்கு இதுலதான் போறோம். வழியில ஒரு சொட்டு ஒழுகினாலும் எல்லாம் போச்சு.”

“திட்டுவாரா?”

“திட்டினா தேவலையே.”

கறாருக்கு இந்த ஒளிவுமறைவெல்லாம் ஆகாது. ஸ்பேனரைத் தேடிக்கொண்டே உபதேசத்தை ஆரம்பித்துவிட்டார்.

“செஞ்ச தப்பை மூடி மறைக்கிறதுக்குப் பேர்தாம்மா பொய். நேரா சொல்லிட்டா ஒரு நாள் சண்டையோட போயிடும்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வேலையில் இறங்கிய பிறகுதான் கறாருக்குக் கை மெதுவானது. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் நூறு கீறல். திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்து, மறுபடி மறுபடி வைத்துப் பார்த்த தடம். ஆனால் அலுமினியம் வந்து உட்காருகிற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. பழைய பசையில் ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை. இத்தனை வருஷத்தில் அவரே இவ்வளவு பொறுமையாகச் சுரண்டியதில்லை. எது எங்கே என்று மறந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு ஹோஸ் குழாயிலும் ஒரு சீட்டு ஒட்டி நம்பர் போட்டிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

“சின்னப் பிள்ளைங்க எழுதினதா?”

காதில் விழாத மாதிரி நின்றாள்.

“எத்தனை நாள் வேலை இது?”

“ரெண்டு மாசம்.”

“ரெண்டு மாசமா? எனக்கு அரை நாள் வேலைம்மா.”

“தெரியும்ணே.”

உள்ளே கோணலாக உட்கார்ந்து நசுங்கியிருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். அது வெளியே தெரியாது. கிளாம்புகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். பம்பை மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் பார்த்தார். அழுத்தம் காட்டுகிற முள் அசையவில்லை; ஒழுக்கு நின்றுவிட்டது. சொன்ன நேரத்துக்குள் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அதே கார் வாசலில் வந்து நின்றது. மறுபடியும் ஒழுகுகிறதோ என்று கறாருக்குத் திக்கென்றது.

ஓட்டி வந்தவள் சுற்றி வந்து இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஓர் ஆள் இடது காலை முதலில் ஊன்றி, வலது காலை இழுத்து வைத்து இறங்கினார். வலது கை நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாமே,” என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது. “அதான் உங்ககிட்டயே கூட்டிட்டுப் போன்னேன். பொண்ணு வீடு வரைக்கும் போயிட்டு வந்தோம், சூடே ஏறல. ஆனா இவ நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவா. தொழில் தெரிஞ்சவர் ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். நான் மாட்டினது.”

“நீங்களா?”

“பக்கவாதம் வந்து எட்டு மாசமா ஒரு டம்ளரைப் பிடிக்காத கை இது. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கன்னார் டாக்டர். வேற எதுவும் பிடிக்கல, இதைக் கழட்டி மாட்டினேன். ஒழுகுச்சுன்னா மறைக்காம சொல்லிடுங்க. இனிமே எதையும் தொடாம ஒரு மூலையில உட்கார்ந்துக்கிறேன்.”

அவர் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். கண் கறார் மேலேயே இருந்தது.

முந்தாநாள் இதே இடத்தில் தான் சொன்ன முதல் வார்த்தை கறாருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பானெட்டைத் தூக்கிக் குனிந்தார். அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். முப்பது வருஷமாக எத்தனையோ பேர் வேலையைப் பார்த்தவர்தான். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

பிறகு நிமிர்ந்தார்.

“மாட்டின கை எது சார்?”

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார். கறார் தன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சொட்டு ஒழுகல. நீங்க சுரண்டிச் சுத்தம் பண்ணியிருக்கிற மாதிரி எனக்கே வராது. அப்புறம் அந்தக் கிளாம்பெல்லாம் இறுகியிருக்கு பாருங்க…” கண் ஒரு தரம் அவர் பின்னால் நின்றவள் மேல் போய் வந்தது. “நானே என் கையால இறுக்கியிருந்தாலும் இம்மிகூட வித்தியாசம் இருந்திருக்காது.”