மெம்ஃபிஸ்காரனுக்கு ஒரு மணி நேரம்

மூன்றாவது நாற்காலியில் மெம்ஃபிஸ் ராப் பாடகன் ரோஸ்கோவின் படத்தைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் வெள்ளை லில்லிப் பூக்களை அடுக்கினான் டெஸ்மண்ட். அந்தச் சின்ன ஸ்டுடியோவுக்கு அவற்றின் வாசம் அதிகமாக இருந்தது.

"திரையில இறந்த தேதி போடணும் மச்சி. என்னைக்குப் போனாரு?" என்றான் குவின்சி. நியூயார்க்கின் புரூக்ளினில் இந்த ராப் பாட்காஸ்டைத் தொடங்கிய நாளிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

"செய்திப் பக்கத்துல சனிக்கிழமைன்னு போட்டிருந்தான். அதையே போடு. மெம்ஃபிஸ்ல அவரு அக்காவை விட்டா நமக்கு யாரைத் தெரியும், போன் போட்டுக் கேக்க? அவங்ககிட்ட இதைப் போய் எப்படிக் கேக்கறது?"

குவின்சி போட்டான். போன மாதம் பக்கத்துப் பகுதியான குவீன்ஸைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி இதே மாதிரி சாவுச் செய்தி வந்தபோது, டெஸ்மண்ட் பதினான்கு பேருக்குப் போன் செய்து விசாரித்த பிறகுதான் மைக்கைத் தொட்டான்.

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டில் ரோஸ்கோவின் அக்கா வெர்னிஸ் நின்றார். படத்தையும் பூக்களையும் சற்று நேரம் பார்த்தார்.

"உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்க்கா," என்றான் டெஸ்மண்ட்.

"ஒம்பது வருசத்துத் துக்கம்லா அது. இப்பத்தான் கேக்கிய."

குவின்சி அவசரமாக டீயை நீட்டினான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார் வெர்னிஸ். "டீக்குக் கூடச் சீனி போட மனசு வராதோ உங்க ஊர்ல? ரோஸ்கோ இதை வாயில வைக்க மாட்டான்."

பிறகு கேட்டார். "நேரலைதானே? வெட்டிக் கிட்டிப் போட மாட்டியளே?"

"நேரலைதான்க்கா."

"அந்த டேப்பு?"

"முழுசாப் போடறோம்."

அதற்காகத்தான் அவர் வந்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ரோஸ்கோ ஒரு முழு நாள் பஸ்ஸில் வந்து, இதே அறையில் உட்கார்ந்து பேட்டி கொடுத்தான். அது வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு அவன் பாடவும் இல்லை. நேற்று இவர்கள் கூப்பிட்டு இரங்கல் நிகழ்ச்சி என்று சொன்னபோது, யாருக்கு என்று மறுமுனையில் இரண்டு முறை கேள்வி வந்தது. பிறகு, "வாரேன். அந்த டேப்பைப் போடணும்," என்று மட்டும் வெர்னிஸ் சொன்னார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்மண்ட் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சொன்னான். பிறகு டேப் ஓடத் தொடங்கியது.

"உலகத்துலயே சிறந்த ராப்பர் அஞ்சு பேரைச் சொல்லு ப்ரோ." ஒன்பது வருடத்துக்கு முந்தைய டெஸ்மண்ட்.

"எங்கூர்லேர்ந்தே அஞ்சு பேரு சொல்லுதேன்." ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, இறக்கி வைக்க மனமில்லாததைப் போல வந்தது ரோஸ்கோவின் குரல்.

"டேய் குவின்சி, இவரு ஒரு பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் கீழ போய் சாண்ட்விச் வாங்கிட்டு வந்துடுவேன்!"

சிரிப்பு.

"நியூயார்க்காரன் ஒருத்தன்கூட இல்லையா? அப்ப யாரைப் பாத்துதான் கத்துக்கிட்டே நீ?"

"எங்கம்மையப் பாத்து. சர்ச்சுல பாடுவா. போன மாசம்தான் அவ..."

"சர்ச்சா? மச்சி, நம்மளை மண்டி போட வைக்கப் போறாருடா!" மறுபடியும் சிரிப்பு. போன மாதம் என்ன நடந்தது என்று டேப்பில் யாரும் கேட்கவில்லை.

டெஸ்மண்டின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது.

"ஓடட்டும்," என்றார் வெர்னிஸ்.

ஓடியது. நாற்பது நிமிடம். ஒரு கட்டத்தில் ரோஸ்கோ பேசுவதையே விட்டுவிட்டான். டேப்பில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, அதன் மேல் இவர்களுடைய சிரிப்பு. குவின்சி ஹெட்போனைக் கழற்றினான். கழற்றிய பிறகும் கேட்டது.

டேப் முடிந்தது. டெஸ்மண்ட் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"இந்த மூச்சு எனக்குத் தூக்கத்துல கேக்குதுக்கா. வருசக்கணக்கா." நாற்பதாயிரம் பேரை அவன் மறந்துவிட்டிருந்தான்.

"அப்பம் ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"இப்பத் தெரியுதா?"

டெஸ்மண்ட் எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றான். "ரோஸ்கோ அண்ணே, நீங்க எங்களைவிடப் பெரிய ஆளு. அன்னைக்கே தெரியும். வாயைத் திறந்து ரெண்டு வரி பாடினதுமே தெரியும். எங்க ஊரை விட்டா வேற யாருக்கும் ராப் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். அதனாலதான் சிரிச்சோம். அதனாலதான் டேப்பை அமுக்கினோம். நீங்க இருந்திருந்தா கால்ல விழுந்திருப்பேன்."

குவின்சி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

வெர்னிஸ் அழவில்லை. கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். அதில் ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஐம்பத்தெட்டு நிமிடமாக. ஒலியைக் கூட்டி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

போனுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு குரல், சொல்லை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் வந்தது.

"செத்தவன்ட்டப் பேசினது போதும் டெஸ்மண்டு. இப்ப என்ட்டச் சொல்லு."