மீன் படம் போட்ட பம்பர்ஸ்

“மீன் படம் போட்டதோ, தாரா படம் போட்டதோ? கெதியாச் சொல்லும், கடைக்காரப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்குது.”

ஆனந்தராசா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் மீன் பக்கெற்றையும் மற்றதில் வாத்துப் பக்கெற்றையும் தூக்கிப் பார்த்தார். கடலில் குளிக்கும் குழந்தைகளுக்குப் போடுகிற பம்பர்ஸ். சமாதான காலத்தில் உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் வந்து குவிந்தபோது, மருந்துக்கடை முதலாளி சிவகுருநாதன் ஆசைப்பட்டு வாங்கி அடுக்கியவை. சண்டை திரும்பத் தொடங்கியதும் வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். பம்பர்ஸ் மட்டும் மேல்தட்டில் தூசு பிடித்துக் கிடந்தது.

கடையில் வேலை செய்யும் றம்லா மட்டும்தான் நின்றாள். பால்மா வந்துவிட்டதா என்று விசாரிக்க முதலாளி சைக்கிளை மிதித்துக்கொண்டு துறைமுக வீதிக்குப் போயிருந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

“மற்றப் பம்பர்ஸ் தண்ணிக்குள்ள ஊதி, பூசணிக்காய் மாதிரித் தொங்கும் அண்ணன்,” என்றாள் றம்லா. “இது ஊதாது. ஆனா மூத்திரத்தையும் உறிஞ்சாது. கடலுக்கு மட்டும்தான் போடணும்.”

அவர் அதை அப்படியே போனுக்குள் ஒப்புவித்தார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டார், சிரித்தார், தலையாட்டினார். பிள்ளைக்குத் தொடை பருமனாம், இறப்பர் இறுக்கிச் சிவந்துவிடுமோ என்று தாய்க்குப் பயமாம். றம்லா ஒரு பக்கெற்றைப் பிரித்து, இறப்பரை இழுத்துக் காட்டினாள். பிரித்ததற்கு முதலாளி வந்து ஏசுவார் என்று தெரிந்தும் பிரித்தாள்.

பெண்சாதியிடம் கேட்டுக் கேட்டுப் பம்பர்ஸ் வாங்கும் ஆம்பிளை திருகோணமலையில் குதிரைக்கொம்பு. அதிலும் இந்த மனிதர் லிங்கநகரிலிருந்து வந்து, தலையிடித் தைலத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போகிறவர். இன்றைக்கு என்ன கதை, என்ன சிரிப்பு. கண்ணாடி மேசையில் அவர் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் ஒன்று இருந்தது. பிள்ளைக்காரிக்குச் சமைக்க ஏலவில்லையாக்கும் என்று றம்லா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளை எத்தனை கிலோ என்று அவள் கேட்டதும் ஆனந்தராசா திணறிப்போனார். அதையும் போனில்தான் கேட்டார். ஒன்பது கிலோ இருக்குமாம். தகப்பன்மாருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவர் கதைப்பதைப் பார்க்கப் பார்க்க றம்லாவுக்கு ஏக்கமாக இருந்தது. அவளுடைய போன் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. புருசன் ஹிஸ்புல்லா விடியவே மீன் லொறியோடு கந்தளாய்க்குப் போனவன். கொஞ்ச நேரத்துக்கு முன் காய்ச்சல் குளிசை வாங்க வந்தவர், கந்தளாய் றோட்டில் குண்டு வெடித்து ஒரு லொறி எரிந்ததாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாருடைய லொறி என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதிலிருந்து அவள் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வியாபாரம் பார்க்கிறாள். ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடக் கடையில் ஆள் இல்லை.

நாளைக்கே கடலுக்குப் போகிறீர்களா என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். ஓமாம். பிள்ளை முதல்முதலாகக் கடலைப் பார்க்கப்போகிறதாம். அலை வந்து காலை நனைத்தால் சிரிக்குமா, அழுமா என்று வீட்டில் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டையாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அந்த வீட்டை நினைக்க றம்லாவுக்குப் பொறாமையாகவே இருந்தது.

கடைசியில் மீன் படம் போட்டதே முடிவானது.

“சரி, நான் வாறன். பிள்ளையை நித்திரையாக்கிப் போடாதையும். வந்து ஒருக்காத் தூக்கோணும்.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காசைக் கொடுத்தார். றம்லா பக்கெற்றைப் பையில் போட்டு நீட்டினாள். நீட்டியவள் பையை விடவில்லை.

“அண்ணன், ஒரு உதவி. காலையில இருந்து ஊர் முழுக்க லைன் வெட்டிப் போட்டாங்க. கடைப் போனும் வேலை செய்யல்ல, என்ட போனும் வேலை செய்யல்ல. உங்கட கொம்பனிக்கு மட்டும் விட்டிருக்காங்க போல. கந்தளாய்க்கு ஒரே ஒரு கோல் எடுத்திட்டுத் தாறன். என்ட அவர் உயிரோட இருக்காரா எண்டு மட்டும் கேக்கணும்.”

ஆனந்தராசாவின் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. மனிதர் கொடுக்க மாட்டார் என்று நினைத்து றம்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. கோலுக்குரிய காசைத் தருகிறேன் என்றாள். பக்கெற்றுக்குக்கூடக் காசு வேண்டாம் என்றாள்.

அவர் போனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தத் தொடங்கினாள். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“இதில சிம்மும் இல்ல தங்கச்சி, அங்கால ஆளும் இல்ல.”