காதில்லாத கோப்பை

கோதண்டபாணியின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் இன்னும் காயவில்லை.

டீக் கெட்டிலோடு நின்ற அருக்காணிக்கு அந்த ஈரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை.

ஆராதனை முடிந்து சபையே வேப்பமரத்தடியில் கூடியிருந்தது. எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல். பீங்கான் பட்டறை முதலாளி கோதண்டபாணி இந்தச் சேரிச் சபையின் கிளாஸில் வாய் வைப்பாரா, மாட்டாரா?

அந்த எழுபத்தொன்றாம் வருஷம் விருத்தாசலத்தில் அவர் வேதத்தில் சேர்ந்ததைவிடப் பெரிய செய்தி கிடையாது. திட்டக்குடி பஸ்ஸில் யாரோ கொடுத்த சுவிசேஷப் புத்தகத்தைப் படித்தாராம். இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற இடத்துக்கு வந்தவர், அதைத் தாண்ட முடியாமல் தூக்கம் கெட்டுக் கிடந்தாராம். போதகர்தான் சொன்னார்.

ஒரு புத்தகத்தைப் படித்தால் ஆள் மாறிவிடுமா? அருக்காணி பிறவிக் கிறிஸ்தவள், பாட்டெல்லாம் மனப்பாடம். அவளுக்கே அது விளங்கவில்லை. இன்றைக்குப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தாள்.

அவருடைய பட்டறையில் களிமண் மிதிக்கிறவள் அவள். சூளையில் காது உடைந்துபோன கோப்பை ஒன்று அவளுக்கென்று பின்சுவர் மாடத்தில் தனியாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அவர் நின்றபடி முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். பிடிக்கக் காது இல்லாததால் விரல் வெந்துபோகும். பாதி டீ புறங்கையில் தெறிக்கும்.

நேற்று மாடத்தில் அந்தக் கோப்பையும் இல்லை. போதகர் வந்தால் கண்ணில் படுமே என்று ஒளித்துவிட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள். சபையில் இந்த வாரம் டீ ஊற்றும் முறை அவளுடையது. அவருக்கும் அதே முழ உயரத்திலிருந்துதான் ஊற்றப்போகிறாள். பட்டால் தெரியட்டும்.

கோதண்டபாணி மஞ்சள் பைக்குள் கையை விட்டார். துணியில் சுற்றிய ஏதோ ஒன்று வெளியே வந்தது.

"சொந்த கிளாஸக் கையோட கொண்டாந்துட்டாரு பாருடி" என்று பக்கத்தில் இருந்த பெரியநாயகி முணுமுணுத்தாள்.

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். கால் கழுவிய கதையெல்லாம் இவ்வளவுதானா? அருக்காணி நேரே கோதண்டபாணி முன்னால் போய் நின்று கெட்டிலை நன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் பெஞ்சை விட்டு எழுந்தார். வெறும் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணியை விலக்கி, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"இதுலயே ஊத்துங்கம்மா."

அவர் அவளை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

காதில்லாத கோப்பை. விளிம்பில் அவள் உதடு எப்போதும் ஒதுங்கிப் போகிற அதே சின்ன உடைசல்.

கெட்டில் மேலேயே நின்றது. ஊற்றுடி என்றது மனசு. இத்தனை நாள் வெந்த விரல்கள் எல்லாம் அதையேதான் சொல்லின. கோபம் துளியும் போகவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

கெட்டில் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவளும் அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கெட்டிலின் மூக்கு கோப்பையின் விளிம்பில் 'டங்' என்று தட்டியது.

பட்டறையில் அவள் ஒரு நாளும் கேட்டிராத சத்தம் அது.