மாவு மாத்திரை

அவளால் உட்கார முடியவில்லை.

கணினியில் பட்டியல் திறந்தே கிடக்கிறது. ஜன்னல் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். கை கழுவினாள். கால் மணி நேரத்தில் இது மூன்றாவது முறை.

வெளியே ஆய்வுக்கூடத்தில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

காலை பத்து மணிக்குத்தான் முடிவு வந்தது. மருந்து வேலை செய்கிறது.

ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அவளுடைய பத்தொன்பது வருட ஆராய்ச்சி. எலிகளோடு மட்டும் ஏழு வருடம். பலர் கைவிடச் சொன்னார்கள். ஒருமுறை அவளே கைவிட்டாள். இரண்டு மாதம்கூடத் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்து ரஷீதா எட்டிப் பார்த்தாள். எட்டு வருடமாக அவளோடு ஆய்வில் இருப்பவள். கையில் லட்டுத் தட்டு.

“மேடம், எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க.”

“வரேன். ஒரே ஒரு போன்.”

சோதனையில் சேர்ந்தவர்கள் நூற்று எண்பது பேர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் தினமும் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அதில் மருந்து இருந்தது.

மீதிப் பேருக்கு வெறும் மாவு.

ஒரே நிறம். ஒரே அளவு. யாருக்கு எது என்று கணினி பிரித்தது. சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இன்று காலை வரை அவளுக்கும் தெரியாது.

நாற்பத்தொன்றாம் எண், செல்லத்துரை. தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டியவர். கையெழுத்துப் போடும்போது தயங்கினார்.

“எனக்கு மாவு விழுந்துட்டா?”

விழலாம் என்றாள். மறைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த மனைவிதான் பேனாவை அவர் கையில் திணித்தாள். “போடுங்க. டாக்டரம்மா இருக்காகள்லா.”

அதன்பிறகு பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருப்பதை இன்னொரு முறை பார்த்தாள். மாவுதான்.

முடிவு தெரிந்ததும் குடும்பங்களுக்குக் கடிதம் போகும். கடிதம் போதும். விதி அவ்வளவுதான்.

செல்லத்துரை குடும்பத்தின் போன் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது மனைவி தங்கபுஷ்பம். பின்னால் ஏதோ லாரியின் ஹாரன்.

சொல்லவேண்டியதை நின்றுகொண்டே சொன்னாள். மருந்து பலிக்கிறது. செல்லத்துரைக்கு அது கிடைக்கவில்லை.

ஹாரன் சத்தம் தூரமாகப் போனது. நடந்து எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும்.

“எட்டு மணி அடிச்சா நான்தான் எடுத்துக் குடுப்பேன்,” என்றாள் தங்கபுஷ்பம். “ஒருநாள் தவற விட்டதில்ல.”

“தெரியும்மா.”

“கடேசி வரைக்கும் புது மருந்துன்னு நெனச்சுதான் சாப்பிட்டாக.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மாத்திக் குடுத்திருப்பீங்களா டாக்டரம்மா?”

வகுப்பில் வருடா வருடம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள். ஒருவருக்காக மாற்றினால் சோதனையே பாழ். பிறகு மருந்து பலிக்கிறதா என்று யாருக்குமே தெரியாமல் போகும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இப்போதும் அந்த வாக்கியங்கள் எல்லாம் நினைவில் இருந்தன.

“மாட்டேன்,” என்றாள்.

தங்கபுஷ்பம் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“அந்த மருந்துக்குப் பேரு என்ன?”

“பேர் இன்னும் வைக்கலம்மா. நம்பர்தான்.”

“சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்.”

எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

மூன்று எழுத்து, நான்கு எண். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காகிதம் புரளும் சத்தம். பேனா எழுதாமல் யாரிடமோ வேறு பேனா வாங்கும் சத்தம்.

தங்கபுஷ்பம் திரும்ப வாசித்தாள்.

ஒரு எண் தவறாக இருந்தது. அவள் திருத்தினாள்.

முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னாள்.