எந்த வீட்டில் எடுப்பார்கள்?

விழுப்புரம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஸாலிஹா தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

“கருவிழி கூம்பு மாதிரி புடைச்சிக்கினே போனது ரெண்டு வருஷமா நின்னுடுச்சாம்மா. இப்ப கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் வச்சா பார்வை நல்லாத் தெரியும்ங்கறாரு.”

மஹபூப் பீவி மல்லாட்டைக் கடலை உரிப்பதை நிறுத்தினாள். “அதெல்லாம் வேணாம். கண்ணாடியே போதும்.”

“கண்ணாடியில சரியாகாது மாமி,” என்றாள் மருமகள் ஷமீம். “ஸ்கூல்ல பாடம் நடத்தறப்ப புள்ளைங்க முகமே இவளுக்குக் கலங்கலாத் தெரியுதாம்.”

“நீ சும்மா இரு. அடுத்த மாசம் மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. கண்ணுக்குள்ள லென்ஸ் வச்ச பொண்ணை எந்த வீட்ல மருமவளா எடுப்பாங்க?”

ஸாலிஹா தலையைக் குனிந்துகொண்டாள். ஷமீம் மாமியாரை நேராகப் பார்த்தாள்.

“நீங்க எடுத்திருக்கீங்க மாமி.”

“என்னா சொல்ற?”

“எனக்கும் இதே கோளாறுதான். நிக்காவுக்கு முந்தின வருஷம் ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் வச்சாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. எட்டு வருஷமா பயந்துகினே இருக்கேன்.”

மஹபூப் பீவி எழுந்து வந்து, மருமகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அந்தக் கண்களையே பார்த்தாள்.

“என் ஊசிக்கெல்லாம் நூல் கோத்துக் குடுக்கறது இந்தக் கண்ணுதானா?”

“ஆமாம் மாமி.”

“ஸாலிஹாவுக்கு என்னிக்கு வைப்பாங்கன்னு டாக்டரைக் கேளு. மாப்ள வீட்டுக்கு நானே சொல்லிடறேன். இவளும் பயந்துகினு இருக்க வேணாம்.”